உங்கள் வளவில் நிற்கும் பட்டர்நட் மரத்தை வெட்டுவதற்கு முன்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிழக்கு ஒன்ராறியோவில் பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பின்வளவில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. அது பட்டர்நட் என்று முந்தைய உரிமையாளர் சொல்லியிருக்கிறார். உச்சிக் கிளைகள் சில காய்ந்துவிட்டன, அடிமரத்தில் மை கொட்டியது போலக் கறுப்புத் தழும்புகள் தெரிகின்றன. மரம் வெட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "இது தப்பாது, இப்போதே வெட்டிவிடுங்கள்" என்றாராம். மருந்து ஏதும் உண்டா, வெட்டத்தான் வேண்டுமா, அதன் கொட்டையை நட்டால் முளைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்து இல்லை. ஆனால் வெட்டாதீர்கள், குறைந்தது இப்போதைக்கு. அது உண்மையிலேயே பட்டர்நட்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டர்நட் என்றால், எவ்வளவு நோய்ப்பட்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் அந்த மரத்தில் யாரும் வாள் வைக்கக் கூடாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மரத்தைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் மிகக் குறைவு. நம் ஆட்களிடம் பட்டர்நட் என்றால் கடையில் வாங்கும் பூசணிக்காய்தான் நினைவுக்கு வருகிறது.

இது அக்ரூட் (வால்நட்) குடும்பத்து மரம். தாவரவியல் பெயர் யுக்லான்ஸ் சினெரியா. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரியது. வடக்கே நியூ பிரன்சுவிக், கியூபெக், ஒன்ராறியோ தொடங்கி மேற்கே மினசோட்டா வரையும், தெற்கே ஜோர்ஜியாவின் வடபகுதி வரையும் இயற்கையாக வளர்கிறது. நிழல் பிடிக்காது. ஓடைக்கரை, வேலியோரம், சுண்ணாம்புக் கல் உள்ள வளமான மண் இவையெல்லாம் இதற்குப் பிடித்த இடங்கள். பெரிய ஆயுள் உள்ள மரமும் இல்லை, முக்கால் நூற்றாண்டு நின்றாலே முதிர்ந்த மரம்தான். கொட்டையின் ஓடு கல் போல இருக்கும், உடைத்தால் உள்ளே எண்ணெய்ப் பசையோடு வெண்ணெய் போன்ற பருப்பு. பெயர் வந்தது அதனால்தான். இந்த நிலத்தின் முதற்குடி மக்கள் அந்தப் பருப்பை உண்டார்கள், அவித்து எண்ணெய் எடுத்தார்கள். மேப்பிளைப் போல இதன் சாற்றையும் காய்ச்சிப் பாகு எடுக்கலாம். காய்த்தோலும் பட்டையும் பழுப்புச் சாயம் தரும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படைவீரர்கள் பலர் இந்தச் சாயத்தில் தோய்த்த வீட்டு நெசவுத் துணியை உடுத்தார்கள். அவர்களுக்குப் பட்டர்நட் என்றே ஒரு பெயர் இருந்தது.

எனக்கு இந்த மரத்தைப் பற்றி மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. நியூபவுண்ட்லாந்தின் வட முனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்திலிருந்து கடல் கடந்து வந்த நோர்ஸ் மக்கள் தங்கிய இடம் அது. அங்கே வெட்டப்பட்டுக் கிடந்த மரத்துண்டுகளை ஆராய்ந்தவர்கள், அவை வெட்டப்பட்ட ஆண்டு 1021 என்று 2021 இல் உறுதி செய்தார்கள். அந்தக் குடியிருப்பை அகழ்ந்தபோது பட்டர்நட் கொட்டைகள் கிடைத்தன. நியூபவுண்ட்லாந்தில் பட்டர்நட் வளர்வதில்லை. அருகில் என்று சொன்னால் சென் லோரன்ஸ் பள்ளத்தாக்கிலும் நியூ பிரன்சுவிக்கிலும்தான் வளர்கிறது. அப்படியானால் அந்தக் கடலோடிகள் அங்கேயே நின்றுவிடவில்லை, தெற்கே பல நூறு கிலோமீற்றர் போய்த் திரும்பியிருக்கிறார்கள். அதற்குச் சாட்சியாக நிற்பவை அணில் கடிக்கும் அந்தக் கொட்டைகள்தான். உங்கள் வளவில் உதிர்வதும் அதே கொட்டை.

சரி, நோய்க்கு வருவோம். 1967 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பட்டர்நட் மரங்களில் பட்டைப்புண் நோய் ஒன்று முதன்முதலாகப் பதிவானது. அதற்குக் காரணமான பூஞ்சையை விவரித்துப் பெயர் வைத்ததே 1979 இல்தான். 1990 வாக்கில் கியூபெக்கில் கண்டார்கள், 1991 இல் ஒன்ராறியோவில், 1997 இல் நியூ பிரன்சுவிக்கில். ஒரு மரத்தின் ஆயுளுக்குள் இந்த மரம் வளரும் நிலப்பரப்பு முழுவதும் நோய் பரவிவிட்டது. 2003 இல் கனடாவின் அருகிவரும் உயிரினங்களை மதிப்பிடும் குழு இதை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அறிவித்தது. 2005 இல் கூட்டாட்சிச் சட்டப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. ஒரு நோய் ஒரு மரத்தோடு நெடுங்காலம் வாழ்ந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கப் பழகியிருக்கும். இங்கே அந்தப் பழக்கத்தின் சுவடே இல்லை. கன்று, நடுவயது, கிழமரம் என்று பார்க்காமல் கொல்கிறது. பூஞ்சையின் மரபணுவைப் பார்த்தாலும் மிகக் குறைந்த வேறுபாடுதான், ஏதோ சில விதைகளிலிருந்து ஒரு காடே முளைத்தது போல. ஆசிய அக்ரூட் இனங்கள் சில இந்த நோயைத் தாங்கிக்கொள்வதால் சந்தேகம் அந்தப் பக்கம் போகிறது. ஆனால் பூஞ்சையை ஆசியாவில் யாரும் இதுவரை கண்டெடுக்கவில்லை.

இது வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் உங்கள் மரத்தில் நீங்கள் காண்பதெல்லாம் புரிந்துவிடும். இலை உதிர்ந்த தழும்பு, மொட்டு, பூச்சி கடித்த இடம், கிளை முறிந்த காயம், இப்படி ஏதோ ஒரு சிறு வாசல் போதும். உள்ளே நுழைந்த பூஞ்சை பட்டைக்கு அடியில் இருக்கும் உயிர்த் திசுவைத் தின்கிறது. அப்புறம் சிறு ஆப்புகள் போன்ற இழைக்கட்டைகளை எழுப்பி வெளிப்பட்டையை உள்ளிருந்தே நெம்பித் திறக்கிறது. திறந்த வாயிலிருந்து பசைபோன்ற வித்துகள், அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள், வெளியே வருகின்றன. மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது அவை தெறிக்கின்றன, நுண்ணிய தூவலாகக் காற்றிலும் போகின்றன, வண்டுகளின் உடலிலும் ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் நோய் முதலில் உச்சிக் கிளையில்தான் பிடிக்கும். மழைநீர் கிளைவழியாக அடிமரத்துக்கு வழிந்து இறங்கும்போது வித்துகளும் கூடவே இறங்கி, வழியெல்லாம் புதுப் புண்களை உண்டாக்குகின்றன. ஒரு புண் மரத்தைக் கொல்லாது. பல புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடிமரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால், இலையில் உண்டாகும் உணவு வேருக்குப் போக வழி அடைபடும். மரம் பட்டினியால் சாகிறது. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

வசந்தத்தில் அந்தப் புண்களிலிருந்து கறுப்பு நீர் கசியும். கோடையில் அது காய்ந்து கரி பூசியது போலவும், சில இடங்களில் ஓரம் வெளுத்தும் தெரியும். நீங்கள் மை என்று எழுதியது இதைத்தான். பட்டையை உரித்துப் பார்க்க வேண்டாம், நீங்கள் உரிக்கும் இடமே அடுத்த வாசலாகிவிடும்.

பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாமா, அடிமரத்தில் ஊசி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நோய் பிடித்த பட்டர்நட்டைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட எந்த மருந்தும் சந்தையில் இல்லை. யாராவது இருக்கிறது என்று விற்க வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது அடையாளம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் பொறுமையாகப் பாருங்கள். கறுப்பு வால்நட்டையும் இதையும் பிரிப்பது எளிது. கறுப்பு வால்நட்டின் காய் பந்து போல உருண்டை. பட்டர்நட்டின் காய் முட்டை போல நீண்டு, தொட்டால் கையில் பிசுபிசுக்கும். சிக்கல் ஜப்பானிய வால்நட்டில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அதை இங்கே கொண்டுவந்து தோட்டங்களில் நட்டார்கள். அது பட்டர்நட்டோடு தாராளமாகக் கலந்தது. அந்தக் கலப்பினங்கள் நோயை நன்றாகத் தாங்கும், வேகமாக வளரும், நிறையக் காய்க்கும். ஆகவே பண்ணைகளில் செழிப்பாக நிற்கும் "பட்டர்நட்" என்று மக்கள் பெருமையோடு காட்டுகிற மரங்களில் பல கலப்பினங்கள்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சென்ற ஆண்டு வளர்ந்த குச்சி ஒன்றை எடுங்கள். இலை உதிர்ந்த தழும்பு குரங்கு முகம் போல இருக்கும். அதன் மேல்விளிம்பு நேராக இருந்து, புருவம் வரைந்தது போல ஒரு மயிர்க்கோடு அடர்த்தியாக இருந்தால் அது பட்டர்நட்டின் பக்கம். விளிம்பு நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். குச்சியின் தோலில் உள்ள புள்ளிகள் சிறியனவாக, வட்டமாக இருக்க வேண்டும், நீண்ட கோடுகளாக இருந்தால் கலப்பு இருக்கலாம். குச்சியை நீளவாட்டில் பிளந்தால் உள்ளே அறை அறையாகச் சோறு, அதாவது நடுவில் இருக்கும் மென்மையான பகுதி, தெரியும். பட்டர்நட்டில் அது கடும் பழுப்பு, சொக்லேட் நிறம். கலப்பினத்தில் வெளிறிய பழுப்பு. இன்னொரு குறிப்பு நாட்காட்டியில் இருக்கிறது. பட்டர்நட் இலையுதிர்காலத்தில் முந்திக்கொண்டு இலையைக் கொட்டிவிடும். அக்கம்பக்கத்து மரங்கள் மொட்டையாகும்போதும் உங்கள் மரம் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் கலப்பினம். ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இறுதித் தீர்ப்பு மரபணுச் சோதனையில்தான்.

கலப்பினம் என்று தெரிந்தால் அதை வெறுக்க வேண்டியதில்லை. நிழல் தரும், அணிலுக்கு உணவு தரும். இந்தியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கடின மரங்களை மேம்படுத்தும் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. கலப்பினங்களில் உள்ள தாங்குதிறனைப் பட்டர்நட்டை மீட்கப் பயன்படுத்த முடியுமா என்பதும் அங்கே நடக்கும் ஆய்வுகளில் ஒன்று. ஆனால் சட்டப் பாதுகாப்பு கலப்பினத்துக்குக் கிடையாது, அது தூய பட்டர்நட்டின் இடத்தை நிரப்பவும் முடியாது.

தூய பட்டர்நட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அளவு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 1990களில் ஒரு விதியை வகுத்தார்கள். இலைமுடியில், அதாவது கிளையும் இலையுமாக விரிந்த மேற்பகுதியில், 70 விழுக்காட்டுக்கு மேல் உயிரோடு இருந்து, அடிமரச் சுற்றளவிலும் வேர் அகன்று மண்ணில் இறங்கும் பகுதியிலும் 20 விழுக்காட்டுக்குக் குறைவாகவே புண் இருந்தால் அந்த மரத்தை வைத்திருக்க வேண்டும். இலைமுடி பாதிதான் மிஞ்சியிருந்தாலும், அடிமரத்திலும் வேர்ப்பகுதியிலும் புண்ணே இல்லையென்றால் அதையும் வைத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மரத்தில் சில உச்சிக் கிளைகள் மட்டுமே காய்ந்திருக்கின்றன. அடிமரத் தழும்புகளைத் தையல்காரரின் நாடாவால் அளந்து, மொத்தச் சுற்றளவில் எவ்வளவு என்று பாருங்கள். தழும்புக்கு அருகே புடைத்து எழுந்த பட்டை விளிம்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். மரம் புண்ணை மூடப் போராடுகிறது என்பதற்கு அடையாளம் அது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு பண்ணையில் மரங்களைப் பார்க்கப் போனேன். வேலியோரம் வரிசையாகப் பட்டர்நட்கள், ஏறக்குறைய எல்லாம் பட்ட மரங்கள். ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. அதன் அடிமரத்திலும் புண்கள் இருந்தன. வரிசையோடு சேர்த்து அதையும் எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். அடிக்கட்டையைப் பார்த்தபோதுதான், பழைய புண்களை ஆண்டு ஆண்டாகப் புதுக் கட்டை மூடிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. சுற்றியிருந்த அத்தனை மரமும் அதே மழையில் நனைந்து அதே வித்தை வாங்கிச் செத்திருக்க, அது மட்டும் வாழ்ந்திருக்கிறது. நாங்கள் தேடிக்கொண்டிருந்த மரமே அதுதான். இன்றும் அந்தச் சாலையால் போகும்போது எனக்கு மனம் கனக்கும்.

அமெரிக்க செஸ்ட்நட்டுக்கும் இதுவே நடந்தது. 1904 இல் நியூயோர்க்கில் பட்டைநோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, எப்படியும் சாகத்தான் போகிறது என்று நல்ல மரங்களையும் விற்கத் தறித்தார்கள். அவற்றுள் தாங்குதிறன் உள்ளவை எத்தனை போயின என்று கணக்கே இல்லை. செஸ்ட்நட்டுக்காவது வேர் உயிரோடு இருந்து அடியிலிருந்து துளிர்விடும் குணம் இருந்தது. வளர்ந்த பட்டர்நட்டுக்கு அது அநேகமாகக் கிடையாது. வெட்டினால் அதோடு அந்த வம்சம் முடிந்தது.

உங்கள் மரம் அந்த அளவுக்குள் வந்தால், அடுத்து ஒன்ராறியோவின் காட்டு மரபணுப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள். தாங்குதிறன் இருப்பதாகத் தோன்றும் மரங்களிலிருந்து சிறு கிளைகளை எடுத்து, கறுப்பு வால்நட் கன்றின் மேல் ஒட்டுக்கட்டி, தனித் தோட்டங்களில் வளர்த்துவருகிறார்கள். நம்மூரில் நல்ல மாமரத்தின் கிளையை எடுத்து ஒட்டுமாங்கன்று ஆக்குவதைப் போலத்தான். தாய்மரம் நாளைக்கு விழுந்தாலும் அதன் உயிர் அங்கே இருக்கும். அப்படிச் சேர்ந்த மரங்கள் ஒன்றையொன்று மகரந்தம் கொடுத்துக் காய்க்கும்போது, அந்தக் கொட்டைகளிலிருந்து இன்னும் உறுதியான தலைமுறை வரும் என்பதுதான் திட்டம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் தூய பட்டர்நட் பாதுகாக்கப்பட்ட இனம். உங்கள் சொந்தக் காணி என்றாலும் கேட்காமல் வெட்டக் கூடாது. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் மே நடுப்பகுதிக்கும் ஆகஸ்ட் இறுதிக்கும் இடையில், இலை இருக்கும்போது, மரத்தைப் பார்த்து மூன்று வகையில் ஒன்றில் சேர்ப்பார். மீள முடியாத அளவு நோய்ப்பட்டது முதல் வகை, வைத்திருக்கத் தக்கது இரண்டாவது, இன மீட்புக்கு உதவக்கூடியது மூன்றாவது. இதுவரை இருந்த நடைமுறை இது. 2025 இல் மாகாண அரசு அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டத்தை மாற்றியிருப்பதால், இன்றைய விதி என்ன என்பதை மாகாண அமைச்சிடம் நேரே கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். மரம் வெட்டுகிறவரின் வாய்ச்சொல் போதாது.

பராமரிப்பில் உங்களால் முடிந்தது வெளிச்சம். பட்டர்நட்டை நெருக்கிக்கொண்டு மேப்பிள், ஆஷ் ஏதும் வளர்ந்திருந்தால் அவற்றை விலக்குங்கள். இலைமுடிக்கு வெயிலும் காற்றும் கிடைத்தால் பட்டை சீக்கிரம் காயும், மரத்துக்குப் புண்ணை மூடும் பலமும் வரும். வீட்டின் மேலோ பாதையின் மேலோ விழக்கூடிய பட்ட கிளைகளை எடுத்துவிடலாம், அதையும் வறண்ட நாளில் செய்யுங்கள். வாளை மதுசாரத்தால் துடைத்துக்கொள்ளுங்கள். எடுத்த கிளைகளை மரத்தடியில் குவித்து வைக்காதீர்கள். செத்த கட்டையிலும் இந்தப் பூஞ்சை 20 மாதம் வரை வித்து விடும். புல்வெட்டும் இயந்திரம் அடிமரத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கொட்டை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டர்நட்டில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் இருந்தாலும் வெவ்வேறு நேரத்தில் மலரும். அதனால் தனிமரம் அதிகம் காய்க்காது, காய்த்தால் பக்கத்தில் எங்கோ ஒரு துணை இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துணை பட்டர்நட்டா, பக்கத்து வளவில் யாரோ நட்ட ஜப்பானிய வால்நட்டா என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். ஜப்பானிய வால்நட் என்றால் உங்கள் தாய்மரம் தூயதாக இருந்தாலும் கன்று கலப்பினமாகலாம்.

காய்கள் செப்டெம்பரில் விழத் தொடங்கும். கையுறை போட்டுக்கொண்டு பச்சைத்தோலை நீக்குங்கள், கறை ஒரு கிழமைக்குப் போகாது. தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிட்டுத் தாழ்வதை எடுங்கள். இந்தக் கொட்டைக்கு மூன்று நான்கு மாதம் ஈரக்குளிர் கிடைக்காமல் முளைவராது. பனங்கொட்டைக்குப் பாத்தி போட்ட அனுபவம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள், வேலை ஏறக்குறைய அதேதான். நல்ல வெயில் விழும், தண்ணீர் தேங்காத இடத்தில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து மேலே இலைச்சருகு போடுங்கள். குளிர்காலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பாத்தியின் மேல் சிறு கண் கம்பிவலையை அடித்து நாலு பக்கமும் மண்ணுக்குள் இறக்குங்கள், இல்லையென்றால் ஒன்றுகூட மிஞ்சாது, அணில் தோண்டிவிடும். தக்காளிப் பாத்தியை மட்டும் தள்ளி வையுங்கள். இந்த மரத்தின் வேர் விடும் யுக்லோன் என்ற பொருள் தக்காளியை வாடவைக்கும்.

முளைத்த கன்றுகளுக்கும் நோய் வரலாம். கொட்டையே பூஞ்சையைச் சுமந்து வரக்கூடும். அதனால் ஐந்து ஆறு கன்றாவது வையுங்கள், எது நிற்கிறது என்று காலம் காட்டும். காய்க்க ஏறக்குறைய 20 ஆண்டு பிடிக்கும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது இவ்வளவுதான். சென்ற ஆண்டுக் குச்சியின் இலைத்தழும்பு, பிளந்த சோறு, அடிமரம், முழு இலைமுடி, இந்த நான்கையும் வெளிச்சத்தில் படம் எடுத்து, நாடா அளவையும் எழுதி அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன். மரம் வெட்டுகிறவரை இலையுதிர்காலம் முடியும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.